எச்சில் கலயமும் வெள்ளைப் பீங்கானும்

போன கோடையில் என் அண்ணன் மகள் ஊருக்கு வந்திருந்தாள். ஓவியக் கல்லூரியில் செராமிக் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் மண்ணைத் தொட்டுப் பிழைத்தவர்களுக்குக் குறைவில்லை. ஏர் ஓட்டினார்கள், வரப்பு வெட்டினார்கள், ஊருக்குக் கிணறு தூர் வாரினார்கள், சூளைக்குச் செங்கல் அறுத்தார்கள். மண்ணைத் தொட்டுப் பட்டம் வாங்கப் போகிறவள் இவள்தான் முதல். பையிலிருந்து துணி சுற்றிய ஒரு சாமானை எடுத்தாள். வெள்ளைப் பீங்கான் கப். அவளே செய்தது. வெயிலில் பிடித்தால் உள்ளே விரல் நிழல் தெரிகிறது. அவ்வளவு மெல்லிசு.

"ஆயாவுக்குத்தான் செஞ்சேன்" என்று சொல்லி, அதில் டீ ஊற்றி என் அம்மா கையில் கொடுத்தாள். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. குடிக்கவில்லை. டீயைத் தன் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டது.

"இன்னா ஆயா, புடிக்கலியா?"

"நல்லாத்தான் கீது. ஆபீசர் கப்பு மாதிரி கீது."

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

1

எங்கள் ஊர் அம்மையார்குப்பம். திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர். தெருவில் நுழைந்தால் தறிச் சத்தம்தான் முதலில் வரவேற்கும். நான் சிறுவனாக இருந்தபோது கைத்தறி, பிறகு பவர்லூம். திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்குச் சில வருடங்கள் கழித்துப் பிறந்தவன் நான். எல்லை மாறியதால் எங்களுக்கு என்ன மாறியது என்று நைனாவைக் கேட்டிருக்கிறேன். "கச்சேரிக்குப் போறதுக்குப் பஸ்ஸு மாறிச்சு" என்றது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்த எல்லையைப் பற்றி எந்தக் கமிஷனும் உட்காரவில்லை.

பக்கத்து ஊர் ஒன்றுக்கு அறுவடைக் கூலிக்குப் போகும் அம்மாவோடு நானும் போவேன். அங்கே ஒரு டீக்கடை. கடையின் பெயரும் வேண்டாம், ஊரின் பெயரும் வேண்டாம். அந்தக் காலத்தில் அப்படி இல்லாத கடையைத்தான் பெயர் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கும். கடைக்குள் பெஞ்சு, பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். பலகை மேல் இரண்டு வெள்ளைப் பீங்கான் கப், சாசரோடு. தாசில்தார் ஆபீசிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ யாராவது வந்தால்தான் அவை கீழே இறங்கும். அவற்றுக்குத்தான் 'ஆபீசர் கப்பு' என்று பெயர். கடைக்கு வெளியே பந்தல் கம்பத்தில் ஆணி. ஆணியில் நசுங்கின அலுமினிய டம்ளர்கள் தொங்கும். அவை நமக்கு. அதற்கும் முந்தி கொட்டாங்கச்சி என்று அம்மா சொல்லும். டம்ளரை நாமே எடுக்க வேண்டும். கடைக்காரர் உயரே பிடித்து ஊற்றுவார். குடித்துவிட்டு நாமே கழுவித் திரும்ப ஆணியில் மாட்ட வேண்டும். காசைத் தரையில் வைக்க வேண்டும்.

கண்ணாடி, பீங்கான், அலுமினியம், கொட்டாங்கச்சி. பத்தடிக்குப் பத்தடி டீக்கடையில் நாலு விதமான பாண்டம். எந்தச் சட்டப் புத்தகமும் தேவைப்படவில்லை. பாண்டமே சட்டம்.

2

பாண்டத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவு டீக்கடையில் தொடங்கியது அல்ல. டீ நம் நாட்டுக்கு நேற்று வந்தது. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் எந்தப் பாத்திரத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்று வகுக்கிறது. உலோகத்தைத் தேய்க்கலாம், கழுவலாம். மண்பாண்டத்தை மறுபடி சூளையில் வைத்துச் சுடலாம். ஆனால் எச்சில், மலம், மூத்திரம், கள், ரத்தம் பட்ட மண்பாண்டத்தை எத்தனை முறை சுட்டாலும் சுத்தம் வராது என்று தீர்ப்பு. மண் உறிஞ்சும், உறிஞ்சியதை விடாது. அதனால் உடைத்துப் போட வேண்டும். பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களைப் பற்றிப் பேசும்போது, ஊருக்கு வெளியே அவர்கள் குடியிருக்க வேண்டும், உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும், அவர்களுக்குச் சோறு இடுவதும் உடைந்த பாத்திரத்தில்தான் என்கிறது.

இரண்டு அத்தியாயத்தையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். தீட்டுப் பட்டால் உடைக்க வேண்டிய பொருள் ஒன்று. உடைந்த பிறகு அது யாருக்கு? நமக்கு. அந்த ஏற்பாட்டில் நாமும் மண்பாண்டம் மாதிரித்தான். சுட்டாலும் சுத்தமாகாதவர்கள். 1927 டிசம்பர் 25 அன்று மகத் நகரில் அம்பேத்கர் தலைமையில் அந்தப் புத்தகம் கொளுத்தப்பட்டது. சுட்டுப் பார்க்க வேண்டிய பாண்டம் எது என்று அன்றைக்குத்தான் சரியாகக் கண்டுபிடித்தார்கள்.

அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் பேஷ்வாக்கள் காலத்துப் பூனாவைப் பற்றிச் சொல்கிறார். தீண்டப்படாதவன் தெருவில் நடந்தால் அவன் எச்சில் மண்ணில் விழக்கூடாது. கழுத்தில் ஒரு மண்கலயம் கட்டிக்கொண்டு அதற்குள்தான் துப்ப வேண்டும். அவன் காலடிச் சுவட்டை அழிக்க இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொள்ள வேண்டும். லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் நடத்தவிருந்த மாநாட்டுக்காகத் தயாரித்த உரை அது. உரையைப் பார்த்துவிட்டு மாநாட்டையே நிறுத்தினார்கள். அம்பேத்கர் தம் செலவில் அச்சடித்து வெளியிட்டார்.

அந்தக் கலயத்தை ஒரு குயவர்தான் வனைந்திருப்பார். தண்ணீர்க் குடமும் எச்சில் கலயமும் ஒரே சக்கரத்தில் வந்தவை, ஒரே சூளையில் வெந்தவை. மண்ணில் வித்தியாசம் இல்லை. யார் கழுத்தில் கட்டுவது என்பதில்தான் வித்தியாசம்.

பூனா தூரம் என்று நினைக்க வேண்டாம். ராமநாதபுரம் வட்டாரத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தப் பட்டியலைத் தம் நூலில் பதிந்திருக்கிறார். பொன் வெள்ளி நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, சட்டை கூடாது, பெண்கள் மாராப்புப் போடக்கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. அதில் ஒன்று, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கக் கூடாது என்பது. அடுத்த வருடம் 1931இல் தடைகள் பதினொன்றாயின. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். செம்புக் குடம், பித்தளைக் குடம் ஆகாது. தலைச் சும்மாட்டுக்குக் கூட வைக்கோல்தான், துணி கூடாது.

மண்பானைத் தண்ணீர் குளிர்ச்சி, மண்சட்டிக் குழம்பு ருசி என்று இன்றைக்கு எழுதுகிறார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். ருசிதான். ஆனால் விரும்பி மண்சட்டி வாங்குகிறவனும், வேறு சட்டி வாங்கினால் வீடு எரியும் என்பதால் மண்சட்டி வைத்திருந்தவனும் ஒன்றா? நம் ஆட்கள் பித்தளைக் குடம் வாங்கியதும், எவர்சில்வர் அடுக்கு வாங்கியதும் ஆடம்பரம் அல்ல. கலகம். என் அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய பித்தளை அண்டாவை இன்னும் விற்காமல் வைத்திருப்பது சும்மா இல்லை.

3

பீங்கான் என்ற சொல் தமிழுக்குக் கடல் வழியே வந்தது. மலாய்க்காரர்கள் தட்டை 'பிங்கான்' என்கிறார்கள். பொருளும் கப்பலில்தான் வந்தது. சீனத்து ஜிங்தேஜென் நகரத்துக்குப் பக்கத்தில் காவோலிங் என்று ஒரு மலை. அங்கே எடுத்த வெள்ளைக் களிமண்ணுக்குத்தான் உலகம் முழுக்க 'கயோலின்' என்று பேர். அதோடு பாறைத் தூள் சேர்த்து 1300 டிகிரி வரை சுட்டால் மண்ணும் கண்ணாடியும் கலந்த மாதிரி ஒரு பொருள் வரும். தண்ணீரை உறிஞ்சாது; தட்டினால் மணி மாதிரி ஓசை. ஐரோப்பியர்களுக்கு இந்த ரகசியம் பல நூறு வருடம் பிடிபடவில்லை. 1710இல் ஜெர்மனியில் மைசன் ஊரில்தான் அவர்களுடைய முதல் பட்டறை வந்தது. அதுவரை கப்பல் கப்பலாகச் சீனத்திலிருந்து வாங்கினார்கள்.

அந்தக் கப்பல்களில் பல டச்சுக்காரர்களுடையவை. இன்றைய எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக் கம்பெனி 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. அங்கிருந்து துணி போனது. நெய்தவர்கள் பெயர் தெரியாது. துணியோடு மனிதர்களும் போனார்கள். பஞ்ச காலங்களில் பிடித்தும் விலைக்கு வாங்கியும், ஆயிரக்கணக்கானவர்களைப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கப்பலேற்றியது அந்தக் கம்பெனி. பீங்கானும் அடிமையும் ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருந்த சரக்குகள். பீங்கானைப் பத்திரமாக வைக்கோல் சுற்றி அனுப்பினார்கள். அடிமைகளுக்கு வைக்கோல் கிடையாது.

டச்சுக்காரர்கள் நமக்கு ஒரு சொல்லும் விட்டுப் போனார்கள். 'கக்கூஸ்'. அவர்கள் மொழியில் 'காக்-ஹவுஸ்' என்கிற மாதிரிச் சொல். கோட்டை இடிந்து கிடக்கிறது. சொல் நிற்கிறது. அந்தச் சொல்லைச் சுமக்கிற ஆட்களும் மாறவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

1787இல் இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பாண்ட முதலாளி ஒரு சிறிய பதக்கம் செய்தார். அவரே கண்டுபிடித்த, பீங்கானுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க ஜாஸ்பர் மண். வெள்ளைத் தரையில் கறுப்பு உருவம்: சங்கிலியோடு மண்டியிட்ட ஆப்பிரிக்க அடிமை, கைகூப்பி, நானும் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா என்று கேட்கிறான். அடிமை வணிக ஒழிப்புச் சங்கத்துக்காகச் செய்து இலவசமாகவே கொடுத்தார். மறுவருடம் பெஞ்சமின் பிராங்கிளினுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினார். சீமாட்டிகள் வளையலில் பதித்தார்கள், கொண்டை ஊசியில் வைத்தார்கள். சமூகப் பிரச்சினையைப் பீங்கானில் சொல்வது என்று இன்றைக்குக் கலைக்கூடங்களில் பேசுகிறார்களே, அதற்கு இதை ஒரு முன்னோடி என்று சொல்லலாம்.

பதக்கம் நல்ல காரியம் செய்தது. மறுக்கவில்லை. ஆனாலும் அவன் ஏன் மண்டியிட வேண்டும்? கேட்கிறவன் கீழே, கேட்கப்படுகிறவன் மேலே. செய்த கை வெள்ளைக்காரக் கை, அணிந்த கை வெள்ளைக்காரி கை. நடுவில் அவன் உருவம் மட்டும். அதே காலத்தில் சென்னை ராஜதானியில் நம் பறையர், பள்ளர் குடும்பங்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. கம்பெனி ஆட்சி இங்கே அடிமைத்தனத்துக்குச் சட்ட ஆதரவை விலக்கிக்கொண்டது 1843இல்தான். நமக்காக யாரும் பதக்கம் செய்யவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவரை வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தென் கரோலினாவில் எட்ஜ்ஃபீல்ட் என்ற ஊர். பானைத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே டேவிட் டிரேக் என்ற அடிமை பெரிய பெரிய ஜாடிகள் வனைந்தார். சுமார் 1800இல் பிறந்து 1870கள் வரை வாழ்ந்தவர். 1834இல் அந்த மாகாணம் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தருவதைக் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் டிரேக் ஈர ஜாடியின் தோளில் 'டேவ்' என்று கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், இரண்டடிக் கவிதை எழுதினார். ஒரு ஜாடியில், தன் உறவுகள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்கிறார். மண்டியிடவில்லை. உப்புக்கறி போட்டு வைக்கும் முதலாளி வீட்டு ஜாடியிலேயே எழுதிவைத்தார். கறியை வாங்கித் தின்றவனெல்லாம் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நம் கீழடியிலும் பானை ஓட்டில் 'ஆதன்', 'குவிரன்' என்று பேர் கீறியிருக்கிறார்கள். அங்கே கிடைத்தவற்றின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகும் என்று தமிழகத் தொல்லியல் துறை 2019இல் சொன்னது. ராஜா கல்வெட்டில் எழுதினான். சாதாரண ஆள் சட்டியில் எழுதினான். பிறகு எந்தக் காலத்தில், எப்படி, சட்டியில் பேர் எழுதிய கையை எழுதக்கூடாத கை ஆக்கினார்கள் என்பதுதான் நாம் எழுத வேண்டிய வரலாறு.

4

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850இல் ஓவியப் பள்ளி தொடங்கினார். படம் வரைவதோடு பாண்டத் தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள்; இந்தப் பக்கத்துக் களிமண்களைச் சோதித்தார்கள். அதுவே பிறகு அரசு ஓவியக் கல்லூரி. எங்கள் பழைய வடஆற்காட்டுக் குடியாத்தத்தில் பிறந்த சிற்பி சி. தட்சிணாமூர்த்தி அங்கே செராமிக் துறையில்தான் ஆசிரியராக இருந்தார். 1971இல் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இன்றைக்கு இந்தியாவில் பேர் சொல்லும் செராமிக் கலைஞர்களில் பலர் அந்தப் பட்டறையில் பழகியவர்கள். விருத்தாசலத்தில் அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் தொழிற்பேட்டையும் வந்தன. பொம்மையும் அகல்விளக்கும் அங்கிருந்து போகின்றன.

ஆனால் தமிழ்நாட்டில் அதிகமான வீடுகளுக்குள் நுழைந்த பீங்கான் எது? கப்பும் இல்லை, பொம்மையும் இல்லை. கக்கூஸ் கோப்பை. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ராணிப்பேட்டை. அங்கே பாரி கம்பெனி 1952இல் சானிட்டரி பாண்டத் தொழிற்சாலை தொடங்கியது. வெள்ளைக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். ஓரத்தில் கெட்டியாகப் படியும். மிச்சக் கூழை வடித்துவிட்டு அச்சைப் பிரித்தால் கோப்பை. காயவைத்து, மெருகுக் கரைசல் பூசி, 1200 டிகிரிக்குச் சுடுகிறார்கள். இதே முறையில்தான் என் அண்ணன் மகள் கப் செய்கிறாள்.

1917இல் நியூயார்க்கில் மார்செல் டுஷாம்ப் கடையில் வாங்கிய பீங்கான் மூத்திரக் கோப்பை ஒன்றை அப்படியே கண்காட்சிக்கு அனுப்பினார். கலை என்றால் என்ன என்ற கேள்வி அதிலிருந்து கிளம்பியது என்று கலை வரலாறு முழுக்க எழுதிவைத்திருக்கிறார்கள். சரி. அந்தக் கோப்பையை எந்தக் கை கழுவும் என்று யாரும் கேட்கவில்லை. இந்தியாவில் கேட்டால் அதற்கு ஒரே பதில்தான்.

பீங்கான் கோப்பைக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். நாற்றம் மேலே வராது. மலம் தண்ணீரோடு போய்விடும். எடுப்புக் கக்கூஸ் ஒழிந்தால் கூடை சுமப்பதும் ஒழியும் என்று நம்பினோம். அந்த அளவுக்கு அந்த வெள்ளைக் கோப்பை நமக்கு ஒரு விடுதலைப் பொருளாகத்தான் வந்தது. மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் இறங்கிச் செத்தவர்கள் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று அர்த்தம். பீங்கானுக்கு மேலே நடப்பது நாகரிகம். பீங்கானுக்குக் கீழே செப்டிக் டேங்க், அதற்குள் நம் பையன். திவ்யபாரதி 2017இல் எடுத்த ஆவணப்படத்துக்கு 'கக்கூஸ்' என்றே பேர். டச்சுக்காரன் விட்டுப்போன சொல்லுக்கு அதைவிடச் சரியான அகராதி இல்லை.

5

இப்போது கலைக்கு வருகிறேன்.

நாக்பூரில் பிறந்த சவி சவர்க்கர் பூனாக் கலயத்தை மறக்கவில்லை. அவருடைய அச்சுப் படங்களில் கழுத்தில் கலயம் தொங்கும் மனிதன் திரும்பத் திரும்ப வருகிறான். மராட்டியத்தின் பிரபாகர் காம்ப்ளே நிஜப் பானைகளையே எடுத்துக்கொண்டார். 'உத்தரண்ட்' என்று பேர் வைத்த சிற்பங்கள். மராத்தியில் அடுக்குப் பானை என்று பொருள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பானைகள். கீழே பெரிசு, மேலே போகப் போகச் சிறிசு. 2022இல் பெர்லின் பியென்னாலே கண்காட்சியில் அவருடைய வேலைகள் வைக்கப்பட்டன. அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வை அடுக்குப் பானையில் பார்க்கிறார் அவர்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஆயா வீட்டு அடுக்குதான் ஞாபகம் வந்தது. அடிப்பானையில் நெல்லோ கேழ்வரகோ இருக்கும். அதற்கு மேலே பயறு, அதற்கு மேலே மிளகாய், உச்சியில் சின்னச் சட்டியில் உப்பு. கூலி நெல் வந்தால் அடிப்பானையைத் திறக்க வேண்டும். அதற்கு மேலே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைக்க வேண்டும். தரையில் வைத்த பிறகு பார்த்தால் எல்லாம் சட்டிதான். உயரம் அடுக்கில் இருந்தது, பானையில் இல்லை.

அதே கண்காட்சியில் பிரேந்தர் யாதவும் இருந்தார். நிலக்கரி ஊரான தன்பாத்தில் வளர்ந்தவர். அப்பா கொல்லு வேலை செய்தவர். செங்கல் சூளைத் தொழிலாளிகள் சூட்டைத் தாங்க மரச்செருப்புப் போட்டுக்கொண்டு சூளைக் கூரைமேல் நடக்கிறார்கள். தேய்ந்துபோன அந்தச் செருப்புகளையே அவர் கொண்டுவந்து வைத்தார். எங்கள் மாவட்டத்துச் சூளைகளுக்கு அது அப்படியே பொருந்தும். முன்பணம் வாங்கிய கடனுக்காக ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அடைபட்டவர்கள் இங்கே. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 2011இல் திருவள்ளூர் மாவட்டச் சூளை ஒன்றிலிருந்து 500க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். சட்டத்துக்கும் மீட்புக்கும் நடுவில் 35 வருடம். சென்னையின் அடுக்குமாடிகள் எந்தக் கையால் அறுத்த செங்கல் என்று எந்த வீட்டு வாசலிலும் எழுதியில்லை.

சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்ன் கூடத்தில் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைக் கொட்டினார். ஜிங்தேஜெனில் சுமார் 1600 பேர் கையால் செய்து வண்ணம் தீட்டியவை. ஜனங்கள் மேலே நடக்கலாம் என்று முதலில் சொன்னார்கள். சில நாளில் பீங்கான் தூசி எழும்புகிறது, உடம்புக்குக் கெடுதி என்று தடுத்துவிட்டார்கள். பார்வையாளனின் நுரையீரலுக்கு ஒரு வாரத்தில் அக்கறை வந்தது. சிலிக்கா தூசியில் வருடக்கணக்காக நிற்கிறவனுக்கு சிலிகோசிஸ் வந்த பிறகும் அது காசநோய் என்று எழுதிக்கொடுத்து அனுப்புகிற நாடு இது.

6

அண்ணன் மகள் கடைசி வருடத்துக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். முதலில் திருத்தணிப் பக்கத்து மலைகளைப் பீங்கானில் செய்யலாம் என்று நினைத்திருந்தாள். படம் காட்டினாள். வெள்ளை மலை, வெள்ளை ஏரி, பள்ளிப்பட்டு வழியாக வருகிற கொசஸ்தலை ஆறு ஒரு கோடாக. அழகாகத்தான் இருந்தது.

"இதுல நம்ம காலனி எங்கம்மா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. நிலக்காட்சி என்று சொல்கிறோம். நம் ஊர்களில் நிலம் என்பது சாதியின் வரைபடம். மேட்டில் கோயில், அதைச் சுற்றி ஊர். பள்ளத்தில், மழைத் தண்ணீர் வந்து தேங்குகிற இடத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியில் சேரி. அதை விட்டுவிட்டு மலையை மட்டும் செய்தால் அது மனுவின் நிலக்காட்சி.

இரண்டு நாள் கழித்து வந்தாள். "சித்தப்பா, அந்த அலுமினிய டம்ளர் யார் வீட்லயாச்சும் இருக்குமா?" டீக்கடை ஆணியில் தொங்கிய டம்ளருக்கு அச்சு எடுத்து, நசுங்கல், கீறல் எல்லாம் அப்படியே வர, வெள்ளைப் பீங்கானில் நூறு செய்ய வேண்டுமாம். கொட்டாங்கச்சியும் செய்ய வேண்டுமாம். சுவரில் ஆணி அடித்து மாட்ட வேண்டுமாம்.

எனக்குக் கோபம் வந்தது. நம் அவமானத்தை மெருகுபூசி விளக்குப் போட்டுக் காட்டுவதா? பணக்காரன் ஒருத்தன் அதில் நாலை வாங்கி வரவேற்பறையில் வைப்பான். அடிமைப் பதக்கத்தைக் கொண்டையில் செருகின சீமாட்டிக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? இப்படியெல்லாம் கேட்டேன். அவள் விடவில்லை.

"பீங்கான் சுட்டா சுருங்கும் சித்தப்பா. நூத்துக்குப் பன்னெண்டு, பதினஞ்சு பங்கு. நெஜ டம்ளர விட சின்னதாத்தான் வரும். அதுல ஒரு மொடக்கு டீ கூட நிக்காது. பாக்கறவன் அதத்தான் கேக்கணும், இதுல எப்படிக் குடிச்சாங்கன்னு."

"கேக்காம அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போனா?"

"நீங்க எழுதறதையும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க. நிறுத்திட்டீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. தலித் கலை அவமானத்தைத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டுமா, அதைத் தாண்டிப் போக வேண்டுமா என்று நாம் எத்தனையோ கூட்டங்களில் சண்டை போட்டிருக்கிறோம். டம்ளர் இன்னும் போகவில்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் சண்டையைப் போட வேண்டும். ஆணியில் தொங்கிய டம்ளர் போய்ப் பேப்பர் கப் வந்தது. நமக்குப் பேப்பர் கப், அவர்களுக்குக் கிளாஸ் என்கிற கடைகள் உண்டு. குடித்துத் தூக்கிப் போடுவதால் கழுவ வேண்டியதில்லை, கடைக்காரருக்கு வாக்குவாதமும் இல்லை. உடைத்துப் போடுகிற மண்பாண்டத்துக்கு வந்த புது அவதாரம் அது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பாண்டத்தின் அளவுதான் கூடியிருக்கிறது.

இத்தனையும் கேட்டுக்கொண்டு அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தது. பானை ஓட்டில் பேர் எழுதியதைப் பற்றியும், அமெரிக்காவில் ஜாடியில் பேர் எழுதிய ஆளைப் பற்றியும் பேத்தி சொன்னாள். "அந்த மாதிரி ஒவ்வொரு டம்ளர்லயும் ஒரு பேரு எழுதலாம்னு இருக்கேன் ஆயா. அதுல குடிச்சவங்க பேரு. உன் பேரு, தாத்தா பேரு..."

அம்மா குறுக்கே மறித்தது.

"எங்க பேரு எதுக்குடி அதுல? நாங்களா மாட்டி வச்சோம்? மாட்டினவன் பேர எழுது."

வீட்டில் யாரும் பேசவில்லை. நான் இத்தனை வருடம் படித்ததில் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் வருகிற கோட்பாடு எதுவும் இல்லை. அவமானம் குடித்தவனுடையது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அது மாட்டினவனுடையது.

மாட்டினவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது எனக்கு உறுத்துகிறது. அவள் எழுதுவாளா என்று தெரியாது. பழைய டம்ளர் ஒன்று உறவுக்காரர் வீட்டுப் பரணில் கிடைத்தது. அதற்கு அச்சு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழடிப் பானை ஓட்டுக்கு மியூசியம் வந்துவிட்டது; வர வேண்டியதுதான். ஆணியில் தொங்கிய டம்ளருக்கும், கொட்டாங்கச்சிக்கும், கூலிக் கஞ்சி வாங்கிய கலயத்துக்கும், மலம் சுமந்த தகரக் கூடைக்கும் இன்னும் வரவில்லை. பழைய சாமான்காரனுக்குப் போடுவதற்கு முன்னால் எடுத்து வையுங்கள். எந்த ஊர், எந்த வருடம், யார் குடித்தது, யார் மாட்டியது என்று உயிரோடு இருக்கிற பெரியவர்களைக் கேட்டு எழுதி அதற்குள் போட்டு வையுங்கள். நம் வரலாற்றின் தொல்பொருள் பத்தடி ஆழத்தில் இல்லை. பரணில் கிடக்கிறது.